வெள்ளிக்கிழமை எரியாத அடுப்பு

முதல் சொட்டு போட்டாயிற்று. ராத்தா, என் அக்கா, மல்லாந்து கிடக்கிறாள், மூடிய இமைக்கு அடியில் விழி உருளுகிறது, அடுத்த மருந்துக்குக் கொஞ்ச நேரம் விட வேண்டுமென்று திருநெல்வேலி டாக்டர் சொல்லியிருக்கிறார், அந்தக் கொஞ்ச நேரம்தான் நாங்கள் கதை படிக்கிற நேரம், புத்தகம் என் மடியில் விரிந்து கிடக்கிறது, வாய் மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது. "படியேன், ஜெய்னபு." இதோ ராத்தா, தொண்டை வறண்டு போச்சு, ஒரு மடக்குத் தண்ணி குடிச்சிட்டு வர்றேன். தொண்டை ஒன்றும் வறளவில்லை. இன்னும் நாலைந்து பக்கம்தான் பாக்கி, அதைப் படித்துவிட்டால் ஹன்னாவின் கதை முடிந்துவிடும், சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு ஜமாஅத்திலிருந்து செயலாளரும் மார்க்கத் தீர்ப்புச் சொல்கிற ஆலிம்சாவும் வந்து முன்கூடத்தில் உட்காருவார்கள், ராத்தா திரைக்குப் பின்னால் நின்று சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்ல வேண்டும். என்ன சொல்லப் போகிறாய் என்று நேற்றுக் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். "இந்த ஹன்னா என்ன செய்றாண்டு பாப்போம். அவ செய்றதையே நானும் செஞ்சிட்டுப் போறேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் ராத்தா சிரித்துக்கொண்டு சொன்ன எதையும் செய்யாமல் விட்டதில்லை, கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டபோதும் இப்படித்தான் சிரித்தாள். ஹன்னா என்ன செய்கிறாள் என்று அவளுக்கு இன்னும் தெரியாது, நான் முன்னாலேயே ஒருமுறை தனியாகப் படித்துவிட்டேன், எனக்குத் தெரியும். ஹன்னா காத்திருக்கிறாள். அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போன புருஷனுக்காக, கதை முடிகிற வரைக்கும், முடிந்த பிறகும், காத்துக்கொண்டே இருக்கிறாள்.

இந்தப் புத்தகம் என் கையில் வந்து மாட்டியதே ஒரு ஆட்டினால்தான். கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவள் நான், கதை படிக்கிற ஆள் இல்லை, தவளையின் இருதயத்துக்கு எத்தனை அறை என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன், மனுஷ இருதயத்தைப் பற்றி எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரு இளக்காரமே இருந்தது. திருவல்லிக்கேணி நடைபாதையில் பழைய புத்தகக் குவியலுக்கு மேலே கிடந்தது, அட்டையில் ஓட்டுக் கூரை மேல் ஒரு ஆடு நின்று என்னைப் பார்த்தது, ஆட்டின் கண்மணி படுக்கைவாட்டில் இருக்கும், படம் போடுகிறவர்களில் பாதிப் பேர் வட்டமாகப் போட்டுக் கெடுப்பார்கள், இந்த ஆள் சரியாகப் போட்டிருந்தான், அதற்காகவே வாங்கினேன். ஊருக்கு வரும் ரயிலில் முன்னுரையைப் பிரித்தால் ஆட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. யித்திஷ் என்று ஒரு பாஷை, போலந்திலும் ருஷ்யாவிலும் யூதர்கள் வீட்டில் பேசியது, கேட்டால் ஜெர்மன் சாயல், எழுதினால் எபிரேய எழுத்து, வலமிருந்து இடம், படித்த ஆண்கள் வேதத்துக்கும் தொழுகைக்கும் அந்தப் புனிதமான பழைய பாஷையை வைத்துக்கொண்டார்கள், சமையலுக்கும் சந்தைக்கும் சண்டைக்கும் இது, இதில் அச்சான புத்தகங்களை வெகுகாலம் பெண்பிள்ளைகளுக்கானது என்று கேலி செய்திருக்கிறார்கள். படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அரபுத்தமிழ்! எங்கள் உம்மா ஓதின கிதாபுகள், தமிழ் வார்த்தை, அரபு எழுத்து, வலமிருந்து இடம், நோன்பின் சட்டங்களை நானே அந்த எழுத்தில்தான் படித்தேன், உலகத்தில் எங்களைத் தவிர யாருக்கு இந்தக் கோணங்கித்தனம் தோன்றியிருக்கும் என்று நினைத்திருந்தேன். பனி கொட்டுகிற ஊரில், வாத்து விற்கிற பெண்களுக்குத் தோன்றியிருக்கிறது. கோவில்பட்டி தாண்டும்போது முதல் கதை முடிந்திருந்தது, தூத்துக்குடி போர்ட்டர் வந்து பெட்டி எங்கே என்று கேட்டபோது நான் இரண்டாவது கதையில் ஒரு வண்டிக்காரனின் குதிரை செத்துப்போனதற்குத் துக்கம் கொண்டாடிக்கொண்டிருந்தேன்.

ராத்தாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதும் டிவி கூடாது, போன் கூடாது என்றுவிட்டார்கள், சும்மா கிடந்தவள் என்னைப் பிய்த்தெடுத்தாள், சரியென்று இங்கிலீஷை ஒரு வரி கண்ணால் பார்த்து வாயால் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். பெயர்களை நான் ஒன்றும் செய்யவில்லை, அவையே வந்து உட்கார்ந்துகொண்டன. மோஷெ என்றால் மூசா, ஹன்னாவின் புருஷன் யாங்கெவ் என்றால் யாகூப், தோவித் என்றால் தாவூது, எங்கள் தெருவில் எந்தக் கதவைத் தட்டினாலும் ஒருவர் எட்டிப்பார்ப்பார். "எந்தத் தெரு மூசா?" என்றாள் ராத்தா. வெளியூர் ராத்தா. "குடும்பம்?" தெரியலை. "குடும்பம் தெரியாத ஆளைப் பத்தியா இத்தனை பக்கம் எழுதி வச்சீக்கிறாஹ?" அந்த வண்டிக்காரன் அல்லாஹ்விடம் வழக்காடுகிற இடம் வந்தது, என் குதிரையை எடுத்துக்கொண்டாய், சரி, உன் குதிரை, ஆனால் நேற்றே எடுத்திருக்கக் கூடாதா, இன்று காலையில்தானே ஒரு மூட்டைத் தீனி வாங்கினேன் என்கிறான், ராத்தா அஸ்தஃபிருல்லாஹ் என்று வாயைப் பொத்தினாள், கொஞ்சம் கழித்து, "அந்த எடத்தை இன்னொருக்காப் படி" என்றாள். வாத்துக்காரி ஒருத்தி பக்கத்துக் கடைக்காரியைச் சபிக்கிறாள், உன் மகள் கல்யாணத்துக்கு ஊரே திரண்டு வரட்டும், பண்டாரி மட்டும் வராமல் போகட்டும். விருந்து சமைக்கிற பண்டாரி வராவிட்டால் எங்கள் ஊரில் குடும்ப மானமே கப்பலேறிவிடும், ராத்தா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், சிரிக்காதே கண்ணுக்கு ஆகாது என்று நான் கத்தினேன், கத்திக்கொண்டே நானும் சிரித்தேன். ஏச்சும் பாசமும் ஒரே வாயில், கேள்விக்குப் பதில் இன்னொரு கேள்வி, சாப்பாடு இல்லாத வீட்டில் சாப்பாட்டைப் பற்றிய பேச்சு, துக்கத்தைச் சொல்ல வந்தவன் நடுவில் ஒரு நையாண்டியைப் போட்டுவிட்டு அப்பாவி மாதிரி நிற்பது, எனக்கு இந்த வயதில் இப்படி ஒரு பைத்தியம் பிடிக்குமென்று யார் கண்டது. ஒரே ஒரு இடத்தில்தான் கையை வைத்தேன். அவர்களுக்குச் சனிக்கிழமை நெருப்பு மூட்டக் கூடாது, சனிக்கிழமை என்றால் குட்டு வெளிப்பட்டுவிடும், வெள்ளிக்கிழமை என்று மாற்றிப் படித்துவிட்டேன். எழுதினது யாரென்று கேட்டாள், ருஷ்யாப் பக்கம் என்றேன், அது பொய்யில்லை.

பொய்யில்லையென்றால் ஏன் தண்ணீர் குடிக்கப் போகிறேன். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம். வெள்ளிதோறும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பாலஸ்தீனத்துக்காகக் கேட்கிற துஆ இந்த ஜன்னல் வழியாகத்தான் வருகிறது, இடிபாட்டுக்குள்ளிருந்து ஒரு பிள்ளையைத் தூக்கி எடுக்கிற படத்தைப் போனில் பார்த்துவிட்டு ராத்தா அன்றைக்குச் சோற்றைத் தொடவில்லை, நானும் தொடவில்லை, யூதன் என்ற சொல்லை இந்த வீட்டில் யாரும் சாதாரணக் குரலில் சொல்வதில்லை. முன்னுரையில் போட்டிருக்கிறது, இந்தப் பாஷையைப் பேசினவர்களில் பெரும்பாலானவர்களை அந்த யுத்தத்தில் கொன்றுபோட்டார்கள், பிறகு உருவான அந்த நாடும் இந்தப் பாஷையை வேண்டாமென்று பழைய பாஷையை எடுத்துக்கொண்டது. அப்படியென்றால் இந்தக் கதையில் வருகிறவர்களுடைய பேரன்கள்தானா இன்றைக்குக் குண்டு போடுகிறவர்கள். இல்லை, கதையில் வருகிறவர்களுக்குப் பேரன்கள் ஏது, பெரும்பாலும் யாரும் மிஞ்சவே இல்லையே. கொன்றவன் வேறு, செத்தவன் வேறு என்று புத்தி சொல்கிறது, புத்தி சொல்வதையெல்லாம் வயிறு கேட்பதில்லை. படிக்கும்போது வருகிற சந்தோஷத்துக்காக நான் வெட்கப்பட்டிருக்கிறேன். வெட்கப்பட்டுக்கொண்டே அடுத்த பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன். தஸ்பீஹ் மணிக்குப் பக்கத்தில் இந்தப் புத்தகத்தை வைக்கலாமா என்று ஒரு நாள் யோசித்து, வைக்காமல், தலையணைக்கு அடியில் வைத்தேன், பிறகு தலையணைக்கு அடியில் வைப்பது திருட்டுத்தனமாக இருக்கிறதே என்று எடுத்து மேசையில் ஆட்டுப் படம் கீழே போகும்படி கவிழ்த்து வைத்தேன்.

ராத்தாவின் புருஷன் நூஹுத்தம்பி மச்சான் போனபோதும் இந்த மேசை இங்கேதான் கிடந்தது. எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார், அதனால் மச்சான் ரத்தினக்கல் வியாபாரத்துக்கு ஹாங்காங் போனபோது வீட்டில் எதுவும் இடம் மாறவில்லை, அவர் செருப்பு விடுகிற இடம் மட்டும் காலியானது. கொஞ்ச காலம் பணமும் போனும் வந்தன. பிறகு போன் மட்டும். பிறகு ஒன்றுமில்லை. பாங்காக்கில் பார்த்ததாக ஒருவர், பிரேசிலில் இருக்கிறதாக இன்னொருவர், குடும்பம் வைத்திருக்கிறாராம் என்று எல்லோரும், ராத்தாவின் முகத்துக்கு நேரே மட்டும் யாரும் இல்லை. தாலி மாதிரி கழுத்தில் கிடக்கிற கருகமணியை அவள் கழற்றவில்லை. விதவையா, இல்லை. புருஷன் உள்ளவளா, அதுவும் இல்லை, கல்யாண வீட்டில் எந்தப் பாயில் உட்காருவதென்று அவளுக்குத் தெரியாது, சமையல் பக்கம் போய் நின்றுகொள்வாள். இப்போது கொழும்பிலிருந்து உவைஸ் ஹாஜியார் ராத்தாவைப் பெண் கேட்டு அனுப்பியிருக்கிறார், தூரத்துச் சொந்தம், மனைவியை மவுத்தில் பறிகொடுத்தவர், நல்ல மனிதர், குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. சோறும் போடாமல் சேதியும் சொல்லாமல் போனவனுடைய நிக்காஹை ரத்து செய்ய மார்க்கத்தில் வழி இருக்கிறது, பெண் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஆலிம்சாவே சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையை அவள் தள்ளித் தள்ளிப் போட்டு இன்றைய அஸர் வரைக்கும் கொண்டுவந்திருக்கிறாள். அவள் சரியென்றால், இத்தா என்கிற காத்திருப்புக் காலம் முடிந்து, கொழும்பு. இந்த வீட்டில் நானும் இந்த ஆடும். கல்யாணம் எனக்குத் தகையவில்லை, அதற்காக நான் அழுததுமில்லை, கல்லூரி இருந்தது, தவளைகள் இருந்தன, ராத்தா இருந்தாள். படிக்காத கதைகள் இந்தப் புத்தகத்தில் பாதிக்கு மேல் இருக்கின்றன. எந்தத் தெரு என்று யார் கேட்பார்கள்.

அதுதான் விஷயம், அங்கேதான் போய்ப் போய் முட்டுகிறது. முடிவை உள்ளபடி படித்தால் ஹன்னா காத்திருப்பாள், ராத்தாவும் காத்திருப்பாள், எனக்கு மதியங்கள் மிஞ்சும். மாற்றிப் படித்தால், ஹன்னா போதும்டா யாகூப் என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு ரயிலேறினாள் என்று ஒரு வரி சொன்னால், ராத்தா கப்பலேறிவிடுவாள். உண்மை சொன்னால் எனக்கு லாபம், பொய் சொன்னால் எனக்கு நஷ்டம், இப்படிப்பட்ட இடத்தில் உண்மையை எப்படி நம்புவது. எழுதினவர் யாரோ, மேல் கோட்டுப் போட்ட ஒரு மனுஷன், அவர் இந்த முடிவைக் கைநடுங்காமல் எழுதியிருக்கிறார், இங்கிலீஷில் கொண்டுவந்த அம்மாள் அதைச் சிந்தாமல் கொண்டுவந்திருக்கிறாள், முட்டையைக் கைமாற்றுகிற மாதிரி என்னிடம் வந்திருக்கிறது, நான் போட்டு உடைப்பதா. வெள்ளிக்கிழமை ஒன்றை மாற்றினேனே. அது கிழமை, இது ஒருத்தியின் வாழ்க்கை. அப்படியானால் யாருடைய வாழ்க்கை, ஹன்னாவுடையதா, ராத்தாவுடையதா, ஹன்னா காகிதம், ராத்தாவுக்கு ஐம்பத்துமூன்று வயது, சர்க்கரை இருக்கிறது, கால் வலிக்கிறது என்று சொன்னால் கேட்க ஒரு ஆள் வேண்டாமா. அந்த ஆள் நான் இல்லையா. நான்தான் இருக்கிறேனே. பார்த்தாயா, திரும்பவும் அங்கேயே வந்து நிற்கிறேன்.

"ரெண்டாவது மருந்து ஊத்தலியா?" மறந்தே போனேன். இமையைக் கீழே இழுத்து ஒரு சொட்டு விட்டேன், ராத்தா உதட்டைக் கடித்தாள், கன்னத்தில் வழிந்ததைத் துடைத்தேன். "ஜெய்னபு, ஒண்ணு கேக்கட்டா? இவ்வொ யூத ஜனங்கதானே?" மருந்து பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தேன், அது எப்போதோ இறுகிவிட்டது. யார் சொன்னது ராத்தா? "யாரு சொல்லணும்? வெள்ளிக்கிழமை பூரா ஹன்னா வீட்டுல அடுப்பு எரியலைண்டு படிச்சியே. ஏண்டி, வெள்ளிக்கிழமை அடுப்பு எரியாத முஸ்லிம் வீடு எங்கடி ஈக்கிது? நம்ம ஊர்ல அண்டைக்குத்தானே கறிச்சட்டி அடுப்பை விட்டு எறங்காது." நுணலும் தன் வாயால் கெடும் என்று பிள்ளைகளுக்குத் தவளைப் பாடம் எடுக்கும்போதெல்லாம் சொல்வேன். எப்போதிலிருந்து தெரியும்? "ஹன்னா கதை ஆரம்பிச்ச அண்டைக்கே தெரியும்." ஏன் சொல்லவில்லை? "சொன்னா நீ படிக்கிறதை நிறுத்திப்புடுவியே." பாட்டிலை மேசையில் வைத்தேன். பிறகு அவளே சொன்னாள், "அந்தப் புள்ளைங்களை நெனச்சா எனக்கு நெஞ்சு வேகுது, அது ஆறாது. அதுக்கு இவ என்னடி செய்வா? இவ புருஷனைத் தேடிக்கிட்டு நிக்கிறா. இனிமே சனிக்கிழமைண்டே படி." எத்தனை நாளாக என் ஒற்றைப் பயத்தை நான் தனியாகத் தூக்கிச் சுமந்திருக்கிறேன், இவள் அதை ஒரு ஓரமாக எடுத்து வைத்துவிட்டுக் கதை கேட்டிருக்கிறாள். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. மாற்றாமல் படி என்று அவள் சொல்லவில்லை, சனிக்கிழமையைத்தான் சொன்னாள், ஆனால் இனி என் நாக்கு எங்கே புரண்டாலும் இவளுக்குத் தெரிந்துவிடும்.

படித்தேன். ஹன்னா கடைசியாகப் போய்ப் பார்த்த ஆலிம்சா, இனி ஆலிம்சா வேண்டாம், ரப்பி என்றே சொன்னேன், அந்த ரப்பி கிதாபு கிதாபாகப் புரட்டினார், பிணத்தைப் பார்த்த சாட்சி ஒன்றாவது வேண்டும், இல்லாவிட்டால் அவனே தன் கையால் விடுதலைச் சீட்டுத் தர வேண்டும், இரண்டுமில்லாமல் உன்னை அவிழ்த்துவிட எனக்கு வழியில்லை மகளே என்று தாடி நனைய அழுதார். ஹன்னா அவருக்கு வாத்து முட்டை கொடுத்துவிட்டு வந்தாள். நாள்தோறும் எல்லையிலிருந்து வருகிற ரயிலுக்கு ஸ்டேஷன் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள், பெஞ்சின் பலகையை மாற்றினார்கள், ஸ்டேஷன் மாஸ்டரை மாற்றினார்கள், அவள் தலை நரைத்தது. சனிக்கிழமை மட்டும் போகமாட்டாள், அன்றைக்கு அடுப்பு அணைந்த வீட்டில் படுத்துக்கொண்டு, ரயில் கூவுவதைக் கேட்பாள். கடைசிப் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் வருகிறாள், கையில் மூட்டை, அவள் புருஷனும் அமெரிக்காவுக்குப் போய் ஒரு வருஷமாகச் சேதியில்லை, உங்களிடம் கேட்கச் சொன்னார்கள், எங்கே உட்கார்ந்து காத்திருக்க வேண்டும் என்று கேட்கிறாள். ஹன்னா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தாள். நான் புத்தகத்தை மூடினேன்.

"அப்புறம்?" அவ்வளவுதான் ராத்தா. "எந்திரிச்சுப் போடி, உன் சோலியப் பாருடிண்டு சொல்லலியா?" இல்லை. "எடம் கொடுத்தாளா?" ஆமாம். சட்டென்று எழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், ராத்தா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அவ்வொ மார்க்கத்துல வேற வழியே இல்லியா?" அவர் அத்தனை கிதாபு பார்த்தாரே ராத்தா, இல்லையாம். அவள் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு கருகமணியை விரலால் உருட்டினாள். தெருவில் பைக் வந்து நின்றது, பிறகு முன்கூடத்தில் ஸலாம் சொல்லும் குரல், நாற்காலி இழுபடும் சத்தம். "அவளுக்கு வழியில்ல, ஒக்காந்துட்டா. எனக்கு வழி இருந்தும்லடி ஒக்காந்திருக்கேன்." ஹன்னா செய்வதைத்தான் செய்வேன் என்றாயே என்று கேட்டேன், என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "செய்றேண்டுதான் சொல்றேன். அவளுக்குக் கதவு தெறந்திருந்தா அவ என்ன செஞ்சிருப்பா, சொல்லு." துப்பட்டியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள், கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள், வாசல் வரை போனவள் திரும்பி வந்து என் கன்னத்தைத் தடவினாள். "இத்தனை வருஷமா நீயும் எனக்கு நவுந்து நவுந்து நல்லாத்தான் எடம் கொடுத்தே, ஜெய்னபு." கோபமில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். திரை அசைந்தது. ஆலிம்சா தொண்டையைச் செருமிக்கொண்டு, அவசரமில்லைம்மா, வேணும்னா இன்னும் கொஞ்சம் யோசிச்சு, என்று ஆரம்பிப்பது கேட்கிறது. ஒரு எழுத்து மாற்றாமல்தான் படித்தேன், அவள் இருந்துவிடுவாள் என்ற ஆசையில்தான் மாற்றாமல் படித்தேன், அது அல்லாஹ்வுக்கும் எனக்கும் மட்டும் தெரியும் என்று நினைத்திருந்தேன், ராத்தாவுக்கும் தெரிந்திருக்கிறது, தெரிந்துகொண்டேதான் படி படி என்று சொல்லியிருக்கிறாள். முன்கூடத்தில் அவள் குரல், சிரிப்பு இல்லாத குரல், அப்படி ஒரு குரலை நான் அவளிடம் கேட்டதே இல்லை: "யோசிச்சாச்சு ஆலிம்சா. எனக்குச் சம்மதம். எழுதிக்கோங்க."